பங்குனிப் புழுக்கமும் கிராமத்து உஷ்ணக் குறிப்பும்

கோடை உஷ்ணம் நமது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களுக்குப் புதிதன்று. சித்திரை மாதம் 21ஆம் தேதி வாக்கில் தொடங்கி வைகாசி மாதம் பாதி வரையில் நீடிக்கும் அக்கினி நட்சத்திர காலமே வருஷத்தில் மிகக் கடுமையானது என்று நம் முன்னோர் கணித்து வைத்தனர். பஞ்சாங்கத்தில் அந்நாள் வந்ததும் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும், கால்நடைகளுக்குத் தொட்டி நிரப்புவதும், நடுப்பகலில் ஆட்களை நிழலுக்கு அனுப்புவதும் வழக்கமாயிருந்து வருகின்றன. நல்ல வழக்கமே. ஆனால் சமீப வருஷங்களில் மாசிக் கடைசியிலும், பங்குனியிலும், சித்திரை முற்பாதியிலும் வேறொரு விதமான உஷ்ணம் நம்மை வாட்டுவதைக் குடியானவர்கள் யாவரும் உணர்ந்திருப்பார்கள். அந்நாட்களில் வெயில் மிகக் கடுமையென்று சொல்ல முடியாது. மெல்லிய மேகப்படலங்கூட இருக்கும். காற்று மட்டும் அசையாது. வியர்வை வழியுமேயன்றி உலராது. இரவிலும் தூக்கம் பிடிக்காது. இதற்குப் புழுக்கம் என்ற பெயர் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. பெயர் இருந்தும், இதை ஓர் அசௌகரியமாகக் கருதுகிறோமேயல்லாமல், ஆளுக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் வரும் அபாயமாகக் கருதுவதில்லை.

இவ்வியாசத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. புழுக்கத்தையும் வெயிலைப்போல் அளந்து, ஒவ்வொரு கிராமத்திலும் குறித்து வைத்து, அக்குறிப்பின்படி வேலை நேரத்தை அக்கினி நட்சத்திரத்துக்குக் காத்திராமல் பங்குனி முதற்கொண்டே மாற்றியமைக்க வேண்டும் என்பதே அது.

புழுக்கத்தின் காரணம்

மாசி, பங்குனி மாதங்களில் நம் பக்கம் வீசுவது பெரும்பாலும் வங்காளக் குடாக்கடலிலிருந்து வரும் கிழக்கு, தென்கிழக்குக் காற்றே. ஜெயங்கொண்டத்திலிருந்து கடற்கரை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். பச்சைமலை அடிவாரத்து வேப்பந்தட்டைக்கு அத்தூரம் சுமார் இரு மடங்கு. இக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. சூரியனோ நாளுக்கு நாள் உச்சிக்கு ஏறுகிறது. ஈரமும் சூடும் ஒன்றாய்க் கூடி, காற்றும் ஓய்ந்துவிட்டால் புழுக்கம் பிறக்கிறது. பகலில் பூமி வாங்கிய சூடு இரவில் வானத்துக்குத் திரும்ப வேண்டும். ஈரமிகுந்த காற்று அதைப் போகவிடாமல் போர்வைபோல் தடுப்பதால் இரவும் ஆறுவதில்லை.

வைகாசியில் நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும் மேல்காற்று உலர்ந்தது. உஷ்ணமானி அதிகமாய் ஏறும். அனல் முகத்தில் அடிக்கும். ஆயினும் உடம்பில் வியர்வை அரும்பியவுடன் உலர்ந்துபோகிறது. வியர்வை உலர்வதே உடம்பு தன்னைக் குளிர்வித்துக் கொள்ளும் வழி. பானைத் தண்ணீர் குளிர்வதும் இவ்விதமே. வெளிப்புறம் ஈரம் கசிந்து உலரும்போதுதான் உள்ளே நீர் குளிர்கிறது. மழைக்காலத்தில் அதே பானை குளிராததை வீட்டில் உள்ளவர்கள் அறிவார்கள். மனித தேகமும் பங்குனிப் புழுக்கத்தில் மழைக்காலத்துப் பானைபோல் ஆகிவிடுகிறது.

நூறு டிகிரிக் கணக்கு

நாளேடுகளில் கோடைதோறும் பாரன்ஹீட் கணக்கில் 100 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் ஜாபிதா வெளியாகிறது. அதைப் படித்து, நம் ஊர் அதில் இல்லையென்றால் பயமில்லை என்று எண்ணுகிறோம். இக்கணக்கு எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

உஷ்ணமானியின் குமிழில் நனைந்த மெல்லிய துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால், துணி உலரும் அளவுக்கு அது கீழே இறங்கும். இதற்கு ஈரக்குமிழ் உஷ்ணமானி என்று பெயர். வியர்த்த தேகம் எவ்வளவு குளிர முடியும் என்பதை இது காட்டுகிறது. வைகாசியில் ஒரு நாள் 42 டிகிரி செல்சியஸ் உஷ்ணமும், காற்றில் நூற்றுக்கு 15 பங்கு ஈரமும் இருந்தால் ஈரக்குமிழ் சுமார் 22 டிகிரி காட்டும். பங்குனியில் ஒரு நாள் 38 டிகிரியும், நூற்றுக்கு 50 பங்கு ஈரமும் இருந்தால் அது சுமார் 29 டிகிரி காட்டும். முதல் நாள் செய்தித்தாளில் முதற்பக்கத்தில் வரும்; இரண்டாம் நாள் 100 டிகிரியை இப்போதுதான் தொட்டதென்று எவரும் கவனியார். உழைக்கிற ஆளுக்கோ இரண்டாம் நாளே அதிகக் கொடியது.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் மனிதன் நிழலில் சும்மா இருந்தும் பல மணி நேரம் தாங்க முடியாது என்பது சாஸ்திர நிபுணர்களின் கணக்கு. 2022ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில சர்வகலாசாலையார் வெளியிட்ட பரிசோதனையில், ஆரோக்கியமுள்ள வாலிபர்களுக்கே அந்த எல்லை 31 டிகிரிக்கு உட்பட்டதாகத் தெரிய வந்தது. வயதானவர்களையும், கடின வேலை செய்பவர்களையும் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்திய வானிலை இலாகாவின் விதிப்படி, சமவெளியில் 40 டிகிரியையாவது எட்டி, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி மிகுந்தாலோ, அல்லது 45 டிகிரியை எட்டினாலோதான் வெப்ப அலை எனப்படும். இவ்விதி உலர்ந்த உஷ்ணத்துக்கு ஏற்பட்டது. அவ்விலாகாவினரும் இதை உணர்ந்தே, ஈரமும் உஷ்ணமும் கூடிய அசௌகரிய நிலை குறித்துத் தனி எச்சரிக்கைகள் கொடுத்து வருகின்றனர். 2023ஆம் வருஷம் முதல் இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் வெப்பக் குறியீட்டையும் பரீட்சார்த்தமாக வெளியிடத் தொடங்கினர். 2024 ஏப்ரலில் தென்னிந்தியா முழுவதும் உஷ்ணம் வழக்கத்தை மிகவும் விஞ்சியபோது, உள் ஜில்லாக்களுக்கு வெப்ப அலை என்றும், கரையோரத்துக்குப் புழுக்கம் என்றும் இருவகை எச்சரிக்கைகள் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நமது ஜில்லாக்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஒரு வாரம் உள்நாட்டு அனலும், மறு வாரம் கடற்கரைப் புழுக்கமும் நமக்கு உண்டு.

உயிர்ச்சேதம் நேர்ந்த விதம்

2023 ஏப்ரல் 16ஆம் தேதி பம்பாய்க்கு அடுத்த நவி மும்பையில் கார்கர் என்னுமிடத்தில் திறந்தவெளியில் பெருங்கூட்டமொன்று கூடியது. அன்று அப்பக்கத்தில் உஷ்ணம் சுமார் 38 டிகிரிதான். வெப்ப அலை என்று சொல்லத்தக்க நாளன்று. ஆயினும் கடற்காற்றின் ஈரத்தோடு பல மணி நேரம் வெயிலில் இருந்தவர்களுள் 14 பேர் மாண்டனர். அவர்கள் உழைத்தவர்களுமல்லர், உட்கார்ந்திருந்தவர்கள். கரும்புத் தோட்டத்துக்குள் சோகை உரிப்பவனும், முந்திரித் தோப்பில் காற்றுப் புகாத புதர்க்கடியில் குனிந்து கொட்டை பொறுக்குபவளும் எந்த நிலையில் இருப்பார்கள் என்பதை நிலச்சுவான்தார்கள் யோசிக்க வேண்டும்.

கோடையின் ஆரம்பத்து உஷ்ணத்தில் வேறொரு சங்கடமும் உண்டு. மனித தேகம் உஷ்ணத்துக்குப் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரையில் செல்லும். வைகாசியில் உடம்பு பழகிவிடுகிறது, பங்குனியில் பழகுவதில்லை. வெளியூரிலிருந்து புதிதாய் வந்தவரும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும் முதல் நாளே முழு வேலையில் இறங்குவது ஆபத்து. வியர்வை நின்று தோல் உலர்ந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் சரியன்று. உழைத்துக்கொண்டிருப்பவனுக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கும்போதே தாக்கு நேரலாம். பேச்சுக் குழறுதல், தடுமாற்றம், சம்பந்தமற்ற பதில் ஆகியவையே முக்கிய அடையாளங்கள். அப்படிக் கண்டவுடன் நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும். சுயநினைவு இல்லாதவனுக்கு வாயில் எதையும் புகட்டலாகாது.

பயிரும் கால்நடையும்

நெல்லின் பூ காலை 9 மணிக்கு மேல் விரிகிறது. அவ்வேளையில் உஷ்ணம் 35 டிகிரிக்கு மேற்பட்டால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். இரவு உஷ்ணத்தின் தீங்கு இதைவிடச் சூட்சுமமானது. பிலிப்பைன் தீவுகளிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 2004இல் வெளியிட்ட முடிவின்படி, கோடைப் பயிர்க் காலத்தில் இரவின் குறைந்தபட்ச உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தது. பயிர் பகலில் தேடிய சத்தை இரவுப் புழுக்கத்தில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. திருமானூர், தா.பழூர் பக்கங்களில் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் கோடை நெல் போடுகிறவர்கள், கதிர் வெளிவரும் நாள் சித்திரை நடுவில் விழாதபடி விதைப்பை முன்தள்ளுவது நலம்.

செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்கு இதுவே பிழைப்பின் காலம். பூக்கும்போது மேகமும் ஈரமும் கூடினால் தேயிலைக் கொசு பெருகிப் பூங்கொத்து கருகும். பிஞ்சுப் பருவத்தில் உஷ்ணம் 39 முதல் 42 டிகிரியை எட்டினால் பிஞ்சு உதிரும். இரண்டையும் மரத்தடியில் நின்று பார்த்த பிறகு மருந்து தேடுவதைக்காட்டிலும், காற்றின் ஈரம் ஏறும் நாட்களை முன்கூட்டிக் குறித்துக்கொண்டு தோப்பைச் சுற்றிப் பார்த்து வருவது மேல். பெரம்பலூர், ஆலத்தூர்ப் பக்கங்களில் விதைக்காகப் பட்டறை போட்ட சின்ன வெங்காயம் வெறும் சூட்டைத் தாங்கும். ஈரச் சூட்டைத் தாங்காது அழுகும். பட்டறையின் அடியிலும் பக்கங்களிலும் காற்றோட்டம் இருக்கிறதா என்று பங்குனி பிறந்ததும் பார்க்க வேண்டும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அது வாய் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளிவிடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் இரைத்தும் பயனில்லை. எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. ஆகையால் குட்டை வற்றிய ஊரில் அதற்கு நாளில் இருமுறையாவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கலப்பினக் கறவைகள் பால் குறைவது தீனிக் குறைவாலென்று எண்ணி அடர்தீவனத்தை அதிகரிப்பவர்கள், அந்நாளின் புழுக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். தீனியைப் பகல் நேரத்தில் குறைத்து, விடியற்காலையிலும் இரவிலும் கொடுத்தல் நன்று.

வானிலை பார்க்கும் அன்பர்கள்

நம் ஊர்களில் சில இளைஞர்கள் வீட்டு மொட்டை மாடியிலோ வயலிலோ மழைமானியும் உஷ்ணமானியும் வைத்துக்கொண்டு, தினந்தோறும் அளவெடுத்து, கைபேசியில் ஒருவர்க்கொருவர் தெரிவித்து வருகிறார்கள். சென்னையில் பிரதீப் ஜான் என்பவர் தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரால் எழுதி வரும் குறிப்புகளைப் பட்டிதொட்டியிலும் படிக்கிறார்கள். அவரைப் பின்பற்றியே பலர் இதில் இறங்கியதாகவும் சொல்லலாம். பெரியவர்கள் இதை வேலையற்ற வேலை என்று பரிகசிப்பதுண்டு. அப்பரிகாசம் நியாயமன்று.

சென்னப்பட்டணத்து வானோக்கு நிலையம் எப்படிப் பிறந்தது? கம்பெனி உத்தியோகஸ்தரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் சொந்த ஆசையால் அமைத்த சிறு நிலையமே 1792இல் கம்பெனியாரின் நிலையத்துக்கு வித்தாயிற்று. இந்திய வானிலை இலாகா ஏற்பட்டதோ 1875இல்தான். இங்கிலாந்தில் சைமன்ஸ் என்பவர் 1860இல் தொடங்கிய மழைக்கணக்கு, பாதிரிமார்களும் பண்ணைக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் கூலியின்றி எடுத்த அளவுகளால் வளர்ந்தது. நமக்கு அருகில் வயநாட்டில் ஹியூம் மையத்தார் தோட்டங்களிலும் வீடுகளிலும் வைத்த மழைமானிகளின் கணக்கைக் கொண்டே, 2024 ஜூலை 30ஆம் தேதி மலைச்சரிவு நேர்வதற்கு முன் எச்சரிக்கை கொடுத்தனர். விருப்பத்தால் அளப்பவர்களின் கணக்கு விளையாட்டன்று என்பதற்கு இதைவிடத் துக்ககரமான சாட்சி வேண்டியதில்லை.

இவர்கள் பீதியைக் கிளப்புகிறார்கள், சொன்ன மழை வரவில்லை என்று ஓர் ஆட்சேபணை உண்டு. அதில் உண்மையும் இல்லாமலில்லை. ஆனால் அளப்பது வேறு, ஆரூடம் சொல்வது வேறு. நாளை என்ன நேரும் என்று சொல்லும் பொறுப்பை வானிலை இலாகாவுக்கும் சர்வகலாசாலைக்கும் விட்டுவிடலாம். இன்று நம் ஊரில் என்ன நேர்ந்தது என்பதை எழுதி வைக்கத் தூரத்து ஆபீஸால் முடியாது. முன்னறிவிப்பு ஜில்லாவுக்கோ வட்டாரத்துக்கோ வருகிறது. கடற்காற்று மாலையில் ஜெயங்கொண்டத்தை எட்டி, குன்னத்துக்கு வராமலே ஓய்ந்துவிடும் நாட்கள் உண்டு. அவ்வித்தியாசத்தை உள்ளூர்க் குறிப்பே காட்டும்.

செய்ய வேண்டியவை

இதற்குச் செலவு அற்பம். சாதாரண உஷ்ணமானிகள் இரண்டு வாங்கி, ஒன்றின் குமிழில் மல்துணி சுற்றி, துணியின் நுனி ஒரு கிண்ணத்து நீரில் தோயும்படி வைக்க வேண்டும். மழைநீர் அல்லது காய்ச்சி ஆறிய நீர் நல்லது. நம் சுண்ணாம்புக்கல் பூமியின் கிணற்று நீர் துணியில் உப்புப் படியவிடும். வாரம் ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். வடக்குப் பார்த்த திண்ணையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில், தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் அருகில் இல்லாத இடத்தில் தொங்கவிடுதல் உத்தமம். அளவெடுக்குமுன் சிறிது நேரம் விசிறியால் வீச வேண்டும். காலை 7 மணிக்கும், பகல் 2.30 மணிக்கும் இரு உஷ்ணமானிகளின் அளவையும், காற்று வீசும் திசையையும், பனி, மூடுபனி, மழை உண்டா என்பதையும் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதினால் போதும். பக்கத்திலேயே, அன்று எவரேனும் மயங்கி விழுந்தாரா, பால் குறைந்ததா, பிஞ்சு உதிர்ந்ததா என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உஷ்ணக் கணக்கு மட்டும் இருந்தால் அது வேடிக்கை பார்ப்பவனின் புஸ்தகம். இந்த வரியும் சேர்ந்தால் குடியானவனின் புஸ்தகமாகும்.

ஈரக்குமிழ் 26 டிகிரியைத் தாண்டினால் மணிக்கொரு முறை நிழலும் தண்ணீரும் கொடுத்தல் வேண்டும். 28ஐத் தாண்டினால் பகல் 11 மணி முதல் 4 மணி வரையில் திறந்த வெளியில் கடின வேலை கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆள் கிடைப்பதே அரிதாயிருக்கையில் 11 மணிக்கு அனுப்பினால் வேலை எப்படி நடக்கும் என்று மிராசுதாரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. காலை 5.30 மணிக்குத் தொடங்கினால் ஐந்தரை மணி நேரம் கிடைக்கிறது. விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகமாயினும் சூடு குறைவாகையால் ஈரக்குமிழும் தாழ்ந்தே இருக்கும். நடுப்பகல் புழுக்கத்தில் மூன்று மணி நேரம் வாங்குகிற வேலை, காலையில் ஒன்றரை மணி நேரத்து வேலைக்கு ஈடாகாது என்பதை ஆள் வைத்து வேலை வாங்கியவர்கள் அறிவார்கள். அப்படியும் சில நாள் வேலை குறையத்தான் செய்யும். அக்குறைவைக் கூலியில் பிடிக்காமல் நிலமுடையவர் ஏற்பதே தர்மம் என்பேன். கேரளத்தில் தொழிலாளர் இலாகாவினர் வருஷந்தோறும் கோடை தொடங்கும்போதே, பகல் 12 மணி முதல் 3 மணி வரையில் வெயிலில் வேலை வாங்கலாகாது என்று உத்தரவிடுகின்றனர். அவர்கள் அக்கினி நட்சத்திரத்துக்குக் காத்திருப்பதில்லை.

கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது மாநில சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவிக்கு ஏற்பாடு செய்தனர். பாராட்டத்தக்க காரியம். ஆனால் வயலில் மயங்கி விழுந்தவன் மாரடைப்பால் இறந்தான் என்று ஊரார் சொல்லிவிட்டால் அவ்வுதவியை நாடக்கூட எவருக்கும் தோன்றாது. அன்றைய பகலில் அந்த ஊரில் உஷ்ணமும் ஈரமும் எவ்வளவு இருந்தன என்று ஒரு புஸ்தகம் சொல்லுமானால், விசாரிக்கிற உத்தியோகஸ்தருக்கும் வைத்தியருக்கும் அது துணையாகும். ஆகவே அடங்கலைப் பேணுவதுபோலவே இக்குறிப்பையும் ஊராட்சி ஆபீஸில் பேணச் செய்யலாம். எழுதுவதற்கு அந்த இளைஞர்களையே அழைக்கலாம். பள்ளிக்கூடம் இருந்தால் மேல்வகுப்புப் பிள்ளைகளையும் முறை வைத்துப் பழக்கலாம். ஊரக வேலைகளுக்கு ஆட்களை அனுப்புகிறவர்கள் காலையில் அப்புஸ்தகத்தைப் பார்த்து, முந்தின நாள் அளவை அறிந்து, நேரம் குறிப்பது நன்று.

ஒரு வருஷத்துக் குறிப்பால் பெரும்பயன் விளையாது. ஐந்து வருஷம் சேர்ந்தால், நம் ஊரில் புழுக்கம் எந்த வாரத்தில் பிறக்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்தக் காற்றோடு போகிறது என்று தெரிந்துவிடும். விதைப்பையும் அறுப்பையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். முன்னோர் பல தலைமுறை அனுபவத்தைத் திரட்டியே அக்கினி நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் ஏற்றினர். பங்குனிப் புழுக்கத்துக்கு அத்தகைய கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. வருகிற மாசிக்குள் இரண்டு உஷ்ணமானிகளும் ஒரு நோட்டும் வாங்கி வைக்குமாறு நிலமுடையோரையும் கிராம உத்தியோகஸ்தர்களையும் வேண்டிக்கொள்கிறேன். வைத்திருப்பவர்கள் மாதக் கடைசியில் ஒரு பிரதியைத் தங்கள் வட்டார விவசாய ஆபீஸுக்கு அனுப்பினால், இரு ஜில்லாக்களின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாயிருக்கும்.